குஞ்சுப் புரூடருக்குத் தரையும் கூளமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் குஞ்சு இறக்கப் போகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். புரூடர் என்பது தாய்க்கோழி இல்லாத குஞ்சுகளைப் பல்புச் சூட்டில் வளர்க்கும் தடுப்பு. கூளம் என்பது அதன் தரையில் பரப்பும் உமி, மரச்சீவல் போன்ற பொருள். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டுவிட்டோம். அளவுகள் எல்லாம் 50 நாட்டுக்கோழிக் குஞ்சுக்குச் சொன்னவை. கூடுதலாக இறக்குகிறவர்கள் சதுர அடிக் கணக்கில் பெருக்கிக்கொள்ளலாம்.

புரூடருக்குக் கூளம் எதுக்கு? எங்க வீட்டுல நல்ல சிமெண்டுத் தரைதான், அப்படியே விட்டா ஆகாதா?

ஆகாது. முப்பது கிராம் எடையுள்ள குஞ்சு பாதி நேரத்தை வயிற்றைத் தரையில் பதித்துப் படுத்தே கழிக்கிறது. மேலே பல்பு 35 டிகிரி கொடுத்தாலும் அடியில் சிமெண்டு சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். குளிர்ந்த குஞ்சு தீனி எடுக்காது, ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படுக்கும், அடியில் இருப்பது மூச்சு முட்டிச் சாகும். எச்சம் காய வழியில்லாமல் தரையெல்லாம் வழுக்கும், கால் நிற்காது.

கூளத்துக்கு மூன்று வேலை: எச்சத்தின் ஈரத்தை வாங்குவது, தரைக்குளிர் ஏறாமல் தடுப்பது, காலுக்குப் பிடிமானம் தருவது. மூன்றிலும் பெரியது ஈரத்தை வாங்கி மறுபடி காற்றில் விடுவது. கீழே உள்ள பதில்களில் பாதி அதைப் பற்றித்தான்.

கூளம் சூடாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு குஞ்சைக் கையில் எடுத்து அதன் பாதத்தை உங்கள் கன்னத்தில் வையுங்கள். ஜில்லென்று பட்டால் காற்று சூடாக இருந்தாலும் கூளம் ஆறிக் கிடக்கிறது என்று அர்த்தம். கோடையில் குஞ்சு வருவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே பல்பைப் போட்டால் போதும். மார்கழி, தையில் முந்தின நாளே போட்டுவிடுங்கள்.

ஆளுக்கு ஒண்ணு சொல்லுதாங்க. நம்ம ஊருக்கு ஒரே ஒரு பொருள் சொல்லுங்க, எதைப் போட?

முழு நெல் உமி. தாமிரபரணிப் பாசனத்தில் அம்பாசமுத்திரம் முதல் கீழே வரை நெல்தான், அரைவை மில் எட்டின தூரத்தில் இருக்கும், விலையும் குறைவு. உமி காற்றோட்டமாகப் படியும், அடியில் வெப்பத்தைப் பிடித்து வைக்கும், கிளறினால் உடனே உலரும். ஈரத்தை உறிஞ்சும் சக்தி மரச்சீவலைவிடக் குறைவுதான். ஆனாலும் உமி சீக்கிரம் காய்வதால் அந்தக் குறை பெரிதாகத் தெரியாது.

தச்சுப்பட்டறையில் இழைப்புளியிலிருந்து விழும் சுருள் சுருளான மரச்சீவல் தரத்தில் உமிக்கு ஒரு படி மேலே. கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் 50 குஞ்சுக்குத் தேவையான அளவு ஒரே தரமாகக் கிடைப்பது அபூர்வம்.

ரைஸ்மில்லுல ரெண்டு மூணு மாதிரி உமி குமிஞ்சு கெடக்கே, எதை அள்ளிட்டு வர?

கையில் அள்ளி உள்ளங்கையில் தேய்த்துப் பாருங்கள். முழுசாக, படகு வடிவத்தில், கையில் மாவு ஒட்டாமல் இருந்தால் அதுதான் வேண்டும். ரப்பர் உருளை வைத்த நவீன மில்லில் இப்படித்தான் வரும். பழைய ஹல்லர் மில்லில் வருவது நொறுங்கிய உமியும் தவிடும் கலந்தது. கையில் மஞ்சளாக மாவு ஒட்டும், எண்ணெய்ப் பிசுக்கு தெரியும். தவிடு கலந்தால் மூன்று கெடுதி: குஞ்சு தீனி என்று நினைத்துக் கொத்தித் தின்னும், எறும்பும் வண்டும் ஏறும், ஈரம் பட்டால் இரண்டு நாளில் பூசணம் பிடிக்கும். வேறு வழியே இல்லையென்றால் நன்றாகப் புடைத்து, தவிட்டை நீக்கிவிட்டுப் போடுங்கள்.

கறுப்பாகக் குவிந்து கிடப்பது பாய்லரில் எரித்த உமிச்சாம்பல். அதைத் தொடவே வேண்டாம். குஞ்சு நடந்தாலே பறக்கும், மூச்சுக்குழாயை அறுக்கும்.

வாங்கும் நேரமும் முக்கியம். பிசானப் பருவ நெல் அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் அரைக்கும் உமி வெயிலில் காய்ந்து நன்றாக இருக்கும். கார் பருவ நெல் அறுவடை புரட்டாசியோடு முடிந்து மழை தொடங்குவதால் மில்லுக்கு வெளியே திறந்த வெளியில் கிடக்கும் உமி நனைந்திருக்க வாய்ப்பு அதிகம். ஐப்பசி, கார்த்திகையில் குஞ்சு இறக்குகிறவர்கள் பங்குனியிலேயே வாங்கி, சாக்கில் கட்டி, தரையில் படாமல் பலகை மேல் அடுக்கி வைப்பது நல்லது. சாக்கைத் திறந்ததும் பழைய வீட்டு வாடை அடித்தாலோ, உமியில் வெள்ளை, பச்சைப் புள்ளி தெரிந்தாலோ, அந்தச் சாக்கை அப்படியே எருக்குழியில் கொட்டுங்கள். காயவைத்துப் பயன்படுத்த நினைக்க வேண்டாம். பூசண வித்து காய்ந்தாலும் சாகாது. குஞ்சின் நுரையீரலில் போய் வளரும். சத்தமில்லாமல் வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கி முதல் இரண்டு வாரத்தில் குஞ்சுகள் விழுந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். வந்த பின் மருந்து கொடுத்துக் காப்பாற்றுவது நடைமுறையில் ஆகாத காரியம்.

எவ்வளவு உமி வாங்கணும்? எத்தனை இஞ்சு போடணும்?

முதல் வாரத்துக்கு ஒரு குஞ்சுக்குக் கால் சதுர அடி போதும். 4 அடி விட்டத்தில் வட்டமாகத் தடுப்பு கட்டினால் சுமார் 12.5 சதுர அடி, 50 குஞ்சுக்குச் சரி. தடுப்பு ஒன்றரை அடி உயரம். தகரமோ, கெட்டி அட்டையோ, பனையோலைத் தட்டியோ எதுவானாலும் பதின்மூன்று அடி நீளம் வேண்டும். மூலை இல்லாமல் வட்டமாக வையுங்கள். மூலை இருந்தால் அங்கே போய் நெருக்கிச் சாகும்.

2 இஞ்சு கனத்துக்கு இந்த வட்டத்தில் சுமார் 60 லிட்டர் உமி பிடிக்கும். 50 கிலோ அரிசிச் சாக்கில் நிறைய அமுக்காமல் அள்ளினால் அந்த அளவு வரும், எடை ஆறு ஏழு கிலோதான் இருக்கும். ஆனால் ஒரு சாக்கோடு நிறுத்தாமல் மூன்று சாக்கு வாங்குங்கள். ஐந்தாம் நாளிலிருந்து தடுப்பை அகலமாக்கிக்கொண்டே போய், இரண்டாம் வார முடிவில் குஞ்சுக்கு அரை சதுர அடி கொடுக்க வேண்டும். அப்போது பரப்பு இரட்டிப்பாகும். நனைந்ததை மாற்றவும் கையிருப்பு வேண்டும்.

சித்திரை, வைகாசியில் ஒன்றரை இஞ்சே போதும். மார்கழியில் 3 இஞ்சு. இதற்கு மேல் முதல் வாரத்தில் கனமாகப் போட்டால் குஞ்சு புதைந்து நடக்கத் தடுமாறும், தீனித்தட்டெல்லாம் உமி ஏறும்.

உமி மேல பேப்பர் விரிக்கணுமா வேண்டாமா?

முதல் மூன்று நாள் விரியுங்கள், நாலாம் நாள் எடுத்துவிடுங்கள். பொரித்து வந்த குஞ்சுக்குத் தீனி எது, உமி எது என்று தெரியாது. எதைப் பார்த்தாலும் கொத்தும். பேப்பர் மேல் மக்காச்சோளக் குருணையையோ குஞ்சுத் தீவனத்தையோ தூவினால் கண்ணில் படுவதெல்லாம் தீனியாக இருக்கும், கொத்தும் சத்தம் கேட்டு மற்றதும் வந்து சேரும். மூன்று நாளில் தட்டில் தின்னப் பழகிவிடும்.

பேப்பரை வழவழவென்று விரிக்காமல் ஒருமுறை கசக்கி, பிரித்து, உமி மேல் போடுங்கள். சுருக்கம் காலுக்குப் பிடி கொடுக்கும். மூன்று அடுக்காக விரித்து, தினம் காலையில் மேல் அடுக்கை எச்சத்தோடு சுருட்டி எடுத்தால் வேலை முடிந்தது. ஜவுளிக்கடை விளம்பரம் வரும் பளபளப்பான தாள் மட்டும் கூடாது. வெறும் சிமெண்டில் பேப்பரை மட்டும் விரித்து உமி போடாமல் விடுவதும் கூடாது. அதன் விளைவு அடுத்த கேள்வியில் வருகிறது.

குஞ்சு ரெண்டு காலையும் அகட்டிக்கிட்டு எந்திரிக்க முடியாம கெடக்கு. சீக்கா?

பெரும்பாலும் சீக்கு இல்லை, வழுக்கல். பொரித்த முதல் இரண்டு மூன்று நாளில் தொடைத் தசை இறுகும் முன்னே வழுக்கும் தரையில் நின்றால் கால் இரண்டு பக்கமும் சறுக்கி அப்படியே நின்றுவிடும். இன்குபேட்டர் தட்டின் தரை வழவழப்பாக இருந்தாலும் இதே கதைதான். அதனால் உங்கள் புரூடரில் உமி சரியாக இருந்தும் முதல் நாளே அகட்டிய கால் தெரிந்தால் பொரித்த இடத்தை விசாரியுங்கள்.

அன்றே பார்த்தால் சரிசெய்யலாம். அரை இஞ்சு அகலத்துக்குத் துணி பிளாஸ்திரியை வெட்டி, இரண்டு கணுக்காலையும் சேர்த்து, நடுவில் ஒரு இஞ்சு இடைவெளி விட்டு எட்டு வடிவில் ஒட்டுங்கள். இறுக்க வேண்டாம், பாதம் வீங்கினால் உடனே அவிழ்க்க வேண்டும். குஞ்சைத் தனியே, உமி போட்ட சின்னப் பெட்டியில் வைத்து, அலகு நுனியைத் தண்ணீரில் தொட்டுக் காட்டுங்கள். இரண்டு முதல் நான்கு நாளில் நிற்கும். ஒரு வாரம் தாண்டின குஞ்சுக்கு இது பலிக்காது.

அறுவை மில்லுல மரத்தூள் சும்மாவே தாராங்க. அதைப் போட்டா என்ன?

பொடித்தூள் வேண்டாம். ரம்பத்திலிருந்து விழுவது ரவை போல இருக்கும். குஞ்சு கொத்தினால் இரைப்பையில் நீரோடு சேர்ந்து கட்டியாகும். காய்ந்தால் தூசி, நனைந்தால் அடை. பச்சை மரம் அறுத்த தூள் என்றால் ஈரத்தோடே வரும், சாக்குக்குள்ளேயே சூடேறிப் பூசணம் வைக்கும்.

மூன்று வாரம் தாண்டின குஞ்சுக்கு, நன்றாகக் காய்ந்த தூளை உமியோடு பாதிக்குப் பாதி கலந்து போடலாம். ஈரம் உறிஞ்சுவதில் உமியின் குறையை அது ஈடுகட்டும். பிளைவுட் கடைத் தூளும் வார்னிஷ் அடித்த பழைய மரத்தின் தூளும் எந்த வயதுக்கும் ஆகாது, அதில் பசையும் ரசாயனமும் இருக்கும்.

தென்னை நார்த்தூள் நல்லா ஈரம் குடிக்கும்லா? கயிறு பேக்டரியில மலையா கெடக்கு.

குடிக்கும், தன் எடையைப் போலப் பல மடங்கு குடிக்கும். சிக்கலே அதுதான். பேக்டரி வாசலில் மலையாகக் கிடப்பது மழையும் பனியும் குடித்து ஏற்கெனவே நிறைந்தது. பிழிந்தால் தண்ணீர் சொட்டும். அதைப் போட்டால் கூளம் முதல் நாளே ஈரம். நன்றாகக் காயவைத்தாலோ செந்தூசியாகப் பறக்கும், குஞ்சுக்குத் தும்மல் வரும்.

பயன்படுத்தியே ஆகவேண்டும் என்றால், தளத்தில் மெல்லிசாகப் பரப்பி மூன்று நாலு நல்ல வெயில் காட்டி, சல்லடையில் சலித்து, அடியில் ஒரு இஞ்சு நார்த்தூளும் மேலே ஒரு இஞ்சு உமியுமாகப் போடுங்கள். மேல் உமி தூசியை அமுக்கும், கீழ்த் தூள் ஈரத்தை வாங்கும். கடையம், தென்காசிப் பக்கம் சாரல் காலத்தில் இந்த இரண்டடுக்கு நன்றாக வேலை செய்யும். ஆனால் மேலே கிளறும்போது இரண்டும் கலந்துவிடாமல் மெதுவாகச் செய்ய வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் உமியோடு நிற்பதே நல்லது.

ஆத்து மணலு போடலாமா? எங்களுக்குப் பக்கத்துல தேரி மண்ணும் இருக்கு.

மணலில் பிடிமானம் நன்றாக இருக்கும், பூசணம் பிடிக்காது, எச்சத்தைச் சலித்து எடுத்துவிடலாம். குறை என்னவென்றால் சூடேற நேரம் ஆகும். பல்பு அணைந்தால் குளிர்ந்து குஞ்சின் வயிற்றைத் தொடும். ஆகையால் முதல் பத்து நாளுக்கு மணல் வேண்டாம், அதுவும் மார்கழியில் வேண்டவே வேண்டாம். கோடையில் மூன்றாம் வாரத்துக்குப் பிறகு போட்டால் குஞ்சு அதில் குடைந்து படுத்துச் சூட்டைத் தணித்துக்கொள்ளும்.

தேரி மண் என்னும் செம்மணல் பொடியானது, காற்றில் எழும்பும். சலித்துக் கரடுமுரடானதை மட்டும் எடுத்தால் பரவாயில்லை. உவரி போன்ற கடலோரத்து மணலில் உப்பு இருக்கும், குஞ்சு கொத்தினால் தண்ணீர் தவிப்பும் கழிச்சலும் வரும். எம்சாண்டில் கல்லின் கூர்முனை பாதத்தைக் கிழிக்கும். ஆற்று மணலை அனுமதியில்லாமல் அள்ளுவது குற்றம், 50 குஞ்சுக்காக அந்த வம்பு எதற்கு?

வைக்கோல், கடலைத்தொலி, உளுந்தம் பொட்டு இதெல்லாம்?

வைக்கோலை இரண்டு இஞ்சு நீளத்துக்கு நறுக்கினால் மட்டும் பரவாயில்லை. முழுசாகப் போட்டால் பாய் போலப் பின்னிக்கொள்ளும், அடியில் ஈரம் தேங்கும், மேலே பார்க்கக் காய்ந்த மாதிரி ஏமாற்றும். கடலைத்தொலியை உடைத்துப் போடலாம். ஆனால் அதில் பூசணம் சீக்கிரம் பிடிக்கும், பூசண நஞ்சு குஞ்சின் ஈரலைக் கெடுக்கும். புதுத் தொலி, காய்ந்த தொலி என்றால் மட்டும். உளுந்தம் பொட்டு மாட்டுக்குப் போகட்டும், குஞ்சு தின்றே தீர்த்துவிடும். சணல் சாக்கு விரிப்பதையும் தவிருங்கள். பிரிந்த நூல் விரலில் சுற்றி இறுகும், மறுநாள் விரல் கறுத்துப் போயிருக்கும்.

பழைய கோரைப் பாயைப் பற்றியும் கேட்கிறார்கள். பத்தமடைப் பாய் எவ்வளவு பழசானாலும் மனுசர் படுக்கட்டும். குஞ்சின் எச்சம் கோரை இடுக்கில் இறங்கினால் கழுவி எடுக்க முடியாது.

எங்களுக்கு மண்தரை, சாணி மெழுகினது. அதுக்கு மேலயே உமி போட்டுறலாமா?

மெழுகி நாலைந்து நாள் நன்றாகக் காய்ந்த பிறகு போடலாம். மண்தரையில் அடியிலிருந்து ஈரம் ஏறும். வயல் ஓரத்து வீடுகளிலும் வாய்க்கால் பக்கத்திலும் ஐப்பசியில் இது கண்ணுக்கே தெரியும். தரையில் ஒரு பிளாஸ்டிக் தாளையோ தையல் பிரித்த யூரியாச் சாக்குகளையோ விரித்து (சாக்கை முதலில் நன்றாகக் கழுவிக் காயவைத்துவிடுங்கள்), மேலே உமியைக் கொட்டுங்கள். தாளின் ஓரம் தடுப்புக்கு வெளியே ஒரு சாண் நீண்டிருக்கட்டும்.

ஈரத்தைவிடப் பெரிய எதிரி பெருச்சாளி. ஒரே இரவில் குடைந்து வந்து இருபது குஞ்சைக் கொண்டுபோகும். மண்தரைக்காரர்கள் தாளுக்கு அடியில் அரை இஞ்சுக் கண் கம்பி வலையை விரித்துத் தடுப்பின் வெளிப்புறம் மடக்கிக் கட்டுங்கள். இந்தச் செலவுக்கு யோசிக்காதீர்கள்.

கூளம் சரியா இருக்கா, ஈரமா இருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்க?

நடுவிலும், தண்ணீர்த்தட்டுக்கு ஒரு சாண் தள்ளியும், பல்புக்கு நேர் கீழேயும் ஒவ்வொரு பிடி எடுங்கள். அழுத்திப் பிடித்து, கையைத் திறங்கள். பிடித்த உருண்டை அப்படியே நின்றால் ஈரம் மிஞ்சிவிட்டது. கொஞ்சம் ஒட்டிப் பிறகு விரலிடுக்கில் உதிர்ந்தால் சரியான பதம், நூற்றுக்கு 20 முதல் 25 பங்கு ஈரம் இருக்கும். ஒட்டவே இல்லாமல் தூசி பறந்தால் மிகவும் காய்ந்துவிட்டது. பல்புக்குக் கீழே எப்போதும் காய்ந்திருக்கும், அதைப் பார்த்துவிட்டுத் திருப்திப்பட வேண்டாம்.

வாடையை நின்றபடி மோந்து பார்த்துப் பயனில்லை. முட்டி போட்டு, தலையைத் தடுப்புக்குள் குஞ்சின் உயரத்துக்கு இறக்கி, ஒரு நிமிடம் மூச்சு விடுங்கள். கண் கரித்தால் குஞ்சு அதை இருபத்து நான்கு மணி நேரமும் சுவாசிக்கிறது. எச்சத்திலிருந்து எழும் அமோனியா வாயு 25 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு 25 பங்கு) தாண்டினாலே கண்ணும் மூச்சுக்குழாயும் கெடத் தொடங்கும். தினமும் உள்ளே போகிறவர் மூக்கு பழகிவிடும் என்பதால் வாரம் ஒருமுறை வீட்டில் வேறு யாரையாவது மோந்து பார்க்கச் சொல்லுங்கள்.

தண்ணித்தட்டைச் சுத்தி மட்டும் எப்பவும் நசநசன்னே இருக்கு.

தட்டின் உயரம் தப்பு. தட்டின் விளிம்பு குஞ்சின் முதுகு மட்டத்தில் இருக்க வேண்டும். முதல் மூன்று நாள் தரை மட்டத்தில் ஒரு சின்னப் பலகை மேல், பிறகு ஓட்டுத்துண்டு, இரண்டாம் வாரம் படுக்கவைத்த செங்கல் என்று ஏற்றிக்கொண்டே போங்கள். தட்டு சாய்ந்திருந்தாலும் ஒழுகும், உமியில் நேரடியாக வைத்தால் சாயாமல் இருக்காது.

நனைந்த இடத்தைக் கிளறி மற்ற உமியோடு கலப்பதுதான் எல்லோரும் செய்யும் வேலை. அதைச் செய்யாதீர்கள். நனைந்ததை மட்டும் தகரத்தால் அள்ளி வெளியே போட்டுப் புது உமியால் நிரப்புங்கள். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. இரண்டாம் வாரத்திலிருந்து மற்ற இடத்தைத் தினமும் ஒரு குச்சியால் கிளறி, வாரம் அரை இஞ்சு புது உமி சேருங்கள்.

சுண்ணாம்பு தூவினா வாடை போயிரும்ங்காங்களே?

குஞ்சு இருக்கும்போது தூவினால் வாடை கூடும். எச்சத்தில் அடங்கியிருக்கும் அமோனியாவைச் சுண்ணாம்பின் காரம் வாயுவாக வெளியே கிளப்பிவிடும். பொடி கண்ணிலும் பாதத்திலும் பட்டுப் புண்ணாகும். சுண்ணாம்புக்கு உரிய நேரம் குஞ்சு வருவதற்கு முன்: காலித் தரையில் நீற்றின சுண்ணாம்பைக் கரைத்து அடித்து, இரண்டு மூன்று நாள் காயவிட்டு, அதன்மேல் உமி. விறகுச் சாம்பலுக்கும் இதே பதில். வளர்ந்த கோழி குளிக்கச் சாம்பல் குழி வைக்கலாம், புரூடரில் வேண்டாம்.

வாடை வந்தால் மருந்து, மேலே சொன்னபடி நனைந்ததை அள்ளுவதும், தடுப்புக்கு மேலே காற்று போக வழி விடுவதும்தான். குளிர் என்று பயந்து தார்ப்பாயால் முழுக்க மூடுகிறவர்கள் வீட்டில்தான் வாடை அதிகம்.

மூணாவது வாரத்துல ரத்தக் கழிச்சல் வந்துருச்சு. உமியாலயா?

உமி காரணமில்லை, உமியில் தங்கின ஈரம் காரணம். கழிச்சலை உண்டாக்கும் காக்ஸிடியா என்ற குடல் ஒட்டுண்ணியின் முட்டை எச்சத்தோடு விழும். விழுந்த உடனே அதற்கு நோய் பரப்பும் சக்தி கிடையாது. ஈரமும் 25, 30 டிகிரி சூடும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் முதிர்ந்து தொற்றத் தயாராகும். புரூடரில் சூடு எப்போதும் உண்டு. ஈரமும் சேர்ந்தால் முடிந்தது. தண்ணீர்த்தட்டைச் சுற்றித் தினம் இரண்டு முறை அள்ளச் சொன்னது இதற்காகத்தான். முதிர்வதற்கு முன்னே வெளியே போய்விடும்.

மூன்று முதல் ஆறு வாரம்வரை கவனம் தேவை. சிறகைத் தொங்கவிட்டு ஒடுங்கி நின்றாலோ எச்சத்தில் சிவப்பு கண்டாலோ அன்றே கூளத்தை முழுக்க மாற்றுங்கள். சீக்குக் குஞ்சைப் பிரியுங்கள். புது எச்சத்தைக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டி மருந்தளவைக் கேளுங்கள். திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. மருந்து மட்டும் கொடுத்துக் கூளத்தை மாற்றாமல் விட்டால் கழிச்சல் நிற்கிற மாதிரி நின்று மறுபடி வரும்.

சாரல் காலத்துக்கும் எங்க ராதாபுரத்துக் காத்துக்கும் ஒரே முறைதானா?

இல்லை. ஆனி முதல் ஆவணிவரை குற்றாலம், தென்காசி, பாபநாசம் பக்கம் வெயிலே தலைகாட்டாத நாள் உண்டு. உமி காற்றிலிருந்தே ஈரம் வாங்கி நமத்துப் போகும். அங்கே இரண்டரை இஞ்சு போட்டு, காலை, மாலை இரண்டு முறை கிளறி, மேலே சேர்க்கும் உமியை அடுப்படிச் சூட்டில் வைத்து எடுத்துப் போடுங்கள்.

அதே மாதங்களில் பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் காற்றாலை சுற்றும் காற்று. கூளம் காய்வதில் சிக்கலே இல்லை, மிஞ்சிக் காய்ந்து தூசிதான் தொல்லை. தடுப்பு தரையோடு ஒட்டி இருக்கிறதா பாருங்கள், கீழே ஒரு விரல் சந்து இருந்தாலும் காற்று உமியை ஒரு பக்கமாக ஒதுக்கி மறுபக்கம் வெறுந்தரையாக்கும். தூசி அதிகமானால் தடுப்புக்கு வெளியே தரையில் தண்ணீர் தெளியுங்கள், கூளத்தில் தெளிக்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு பக்கத்துக்காரர்களுக்கும் சாரல்காலத்து முறைதான்.

கம்பி வலைத் தரை போட்டா இந்தத் தொல்லை ஒண்ணும் இல்லைங்காங்க. உண்மையா?

பாதி உண்மை. எச்சம் கீழே விழுந்துவிடுவதால் ரத்தக் கழிச்சல் வெகுவாகக் குறையும், உமிச் செலவும் இல்லை. ஆனால் அடியிலிருந்து காற்று நேராக வயிற்றில் அடிக்கும். முதல் வாரம் வலை மேல் கசக்கிய பேப்பர் போட்டே ஆகவேண்டும். பல்பும் கொஞ்சம் கூடுதல் சக்தியில் வேண்டும். சுற்றிலும் சாக்குத் திரை தொங்கவிட வேண்டும். கண் அரை இஞ்சுக்கு மேல் இருந்தால் கால் சிக்கி ஒடியும். பற்றவைத்த இடங்களில் முள் போல நீண்டிருக்கும் கம்பி முனைகளை அரம் வைத்துத் தேய்த்துவிடுங்கள், பாதத்தில் வரும் புண் பெரும்பாலும் அதனால்தான்.

வெளியே மேயவிடப் போகிற நாட்டுக்கோழிக்கு எங்கள் விருப்பம் உமித் தரையே. கூளத்தில் கிளறிப் பழகின குஞ்சு மண்ணில் இறங்கினதும் மேயத் தெரிந்துகொள்ளும். காக்ஸிடியாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சந்தித்து எதிர்ப்பும் வந்திருக்கும். வலையிலேயே வளர்ந்ததைத் திடீரென்று ஆறாம் வாரம் தோட்டத்தில் இறக்கினால் கழிச்சல் அங்கே காத்திருக்கும்.

பல்பு உமியில விழுந்தா தீப்பிடிக்குமா? கரண்டு போனா கரிச்சட்டி வைக்கலாமா?

பிடிக்கும். உமி கொழுந்துவிட்டு எரியாமல் உள்ளுக்குள்ளேயே கனன்று புகையும், பார்க்கும்போது குஞ்சு செத்திருக்கும். 50 குஞ்சுக்குக் கோடையில் 60 வாட்ஸ், குளிரில் 100 வாட்ஸ் குண்டு பல்பு, கூளத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்தில். ஒயரில் தொங்கவிடாமல் சங்கிலியிலோ கட்டுக்கம்பியிலோ கட்டி, பல்பைச் சுற்றிக் கம்பிக் கூண்டு போடுங்கள். எல்இடி பல்பில் வெளிச்சம்தான் வரும், சூடு வராது.

கரிச்சட்டி வைப்பதானால் அந்த இடத்தில் உமியை இரண்டு அடி வட்டத்துக்கு ஒதுக்கி, மணல் பரப்பி, மூன்று செங்கல் மேல் சட்டியை வைத்து, ஓட்டை போட்ட மூடியால் மூடுங்கள். கரியை வெளியே வைத்துப் புகை அடங்கிக் கனிந்த பிறகே உள்ளே கொண்டுவாருங்கள். கனிந்த கரியிலும் மணமில்லாத கார்பன் மோனாக்சைடு வரும், அது ஆளையே கொல்லும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அந்த அறையில் யாரும் படுக்கக் கூடாது.

போன செட்டு உமி நல்லாத்தான் இருக்கு. அதையே அடுத்த குஞ்சுக்கும் போடலாமா?

பெரிய கோழிக்குப் போடலாம், குஞ்சுக்குக் கூடாது. காக்ஸிடியா முட்டை உமியில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், பினாயிலுக்கும் பிளீச்சிங் பவுடருக்கும் அசையாது. கொதிக்கும் தண்ணீர், நெருப்பு, நல்ல வெயில் இவற்றுக்குத்தான் அடங்கும். கூளத்தை எடுத்துத் தரையைச் சுரண்டிக் கழுவி, கொதிநீர் ஊற்றி, காய்ந்ததும் சுண்ணாம்பு அடித்து, இரண்டு வாரம் காலியாகப் போடுங்கள். சுவர் இடுக்கில் செள்ளுப்பூச்சி இருந்தால் அங்கேயும் சுண்ணாம்பைக் கெட்டியாகப் பூசுங்கள். சீக்கு வராத செட்டாக இருந்தாலும் இதில் சலுகை கிடையாது.

காடைக் குஞ்சு, வாத்துக் குஞ்சுக்கும் இதேதானா?

காடைக் குஞ்சு எட்டு கிராம்கூட இருக்காது. உமி கனமாக இருந்தால் அதில் தொலைந்தே போகும். ஒரு இஞ்சு உமி, மேலே கசக்கிய பேப்பரை ஒரு வாரம்வரை வையுங்கள். தண்ணீர்த்தட்டில் கூழாங்கல் போடாவிட்டால் விழுந்து சாகும். வாத்துக் குஞ்சு தண்ணீரைக் கொட்டிக்கொண்டே இருக்கும், அதற்கு உமி மட்டும் தாங்காது. தண்ணீர்ப் பாத்திரத்தை ஒரு தட்டு மேல் கம்பி வலை போட்டு அதன்மேல் வைத்தால் சிந்துவது கீழே போகும், மீதித் தரைக்கு நறுக்கின வைக்கோலோ மரச்சீவலோ. வான்கோழிக் குஞ்சு கூளத்தைத் தின்னும் புத்தி கொண்டது, பேப்பரை ஐந்தாறு நாள் வையுங்கள்.

தாய்க்கோழியோட பஞ்சாரத்துல வளக்கேன். எனக்கும் உமி வேணுமா?

சூடு கொடுக்கத் தாய் இருக்கிறது, ஆகவே கனமாக வேண்டாம். காய்ந்த தரையில் ஒரு இஞ்சு உமி போதும். அதையும் தாய் கிளறிக் கிளறி ஓரத்துக்குத் தள்ளிவிடும், மாலையில் நடுவே இழுத்துவிடுங்கள். பஞ்சாரத்தைத் தினமும் ஒரு முழம் நகர்த்தி வைத்தாலே பாதிச் சீக்கு குறையும்.

எடுத்த கூளத்தை நேரா தென்னைக்குப் போடலாமா?

நேராகத் தூரில் போட்டால் சூட்டில் வேர் வெந்துபோகும். நிழலில் குவித்து, பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரும் பதத்துக்கு நனைத்து, வாரம் ஒருமுறை புரட்டினால் இரண்டு மூன்று மாதத்தில் மக்கும். உமி மட்டும் முழுசாக மக்க இன்னும் நாளாகும், சாணிக் கரைசலும் பச்சை இலையும் சேர்த்தால் வேகம் கூடும். பிறகு தென்னைக்கும் வாழைக்கும் தூரிலிருந்து மூன்றடி தள்ளிப் போடுங்கள். ரத்தக் கழிச்சல் வந்த செட்டின் கூளத்தை மட்டும் கோழி மேயும் பக்கம் கொண்டுபோகாமல், தோட்டத்தின் கடைசியில் குழி வெட்டி மண்போட்டு மூடுங்கள்.